ஆண்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் சேர்மத்தைச் சோதிக்க எந்தச் சுண்டெலி மாதிரி ஏற்றது?

கேள்வி:
வணக்கம். உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆண்ட்ரோஜன் ஏற்பியை (ஆண் ஹார்மோன்கள் பிணைந்து செயல்படும் செல் புரதத்தை) தடுக்கும் என்று நாங்கள் கருதும் ஒரு சேர்மத்தை, பிசி-3 எனும் மனித புரோஸ்டேட் புற்றுச் செல்களைத் தோலுக்கடியில் செலுத்திக் கட்டி வளர்த்த, நோயெதிர்ப்பு குன்றிய நியூட் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். கட்டி சிறிதும் சுருங்கவில்லை. சேர்மத்தையே கைவிடலாமா?

மறுமொழி 1:
கைவிட வேண்டாம். எலும்புக்குப் பரவிய புரோஸ்டேட் புற்றிலிருந்து எடுக்கப்பட்ட பிசி-3 செல்களில் ஆண்ட்ரோஜன் ஏற்பி செயல்படும் அளவில் இல்லை. மூளைக்குப் பரவிய கட்டியிலிருந்து வந்த டியூ-145-உம் அப்படித்தான். பூட்டே இல்லாத கதவில் சாவியைச் சோதித்திருக்கிறீர்கள். உண்மையில், பிசி-3 கட்டி சுருங்கியிருந்தால்தான் சேர்மம் வேறெதையோ தாக்குகிறது என்று நீங்கள் கவலைப்பட்டிருக்க வேண்டும். ஆகவே இந்த முடிவை எதிர்மறைக் கட்டுப்பாடாக (விளைவு வரக்கூடாத ஒப்பீடாக) வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எல்என்கேப் எனும் மற்றொரு வகைப் புரோஸ்டேட் புற்றுச் செல்களை எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் ஏற்பி உண்டு. அவை பிஎஸ்ஏ எனும் புரோஸ்டேட் புரதத்தைச் சுரப்பதாலும், சுண்டெலிக்கு அதற்கான மரபணுவே இல்லாததாலும், இரத்தத்தில் தென்படும் பிஎஸ்ஏ முழுவதும் கட்டியிலிருந்து வந்ததே என்று கொள்ளலாம். தனியாகச் செலுத்தினால் கட்டி எளிதில் பிடிக்காது என்பதால் மேட்ரிஜெல் எனும் புரதக் கூழுடன் கலந்து செலுத்துவது வழக்கம். ஆனால் ஓர் எச்சரிக்கை: எல்என்கேப் ஏற்பியின் 877-ஆம் இடத்தில் உள்ள திடீர்மாற்றத்தால், ஃப்ளூட்டமைடு எனும் ஏற்பித் தடுப்பு மருந்தின் செயல்படு வடிவம் அதைத் தடுப்பதற்குப் பதிலாகத் தூண்டிவிடுகிறது. உங்கள் சேர்மமும் அதே வகையினதாக இருந்தால் கட்டி வளரவும்கூடும். எனவே, முதுகெலும்புக்குப் பரவிய கட்டியிலிருந்து வந்ததும் ஏற்பி மிகுதியாக உள்ளதுமான விகேப் செல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். எனினும் நியூட் சுண்டெலிக்குத் தைமஸ் இல்லை, ஆகவே முதிர்ந்த டி செல்களும் மிகக் குறைவு. நோயெதிர்ப்பு சார்ந்த எந்த விளைவையும் அதில் காண முடியாது. அதற்காக 1995-இல் வெளிவந்த ட்ராம்ப் எனும் மரபணு மாற்றிய சுண்டெலிக்குத் தாவிவிடவும் வேண்டாம். எஸ்வி40 வைரசின் டி-ஆன்டிஜென் எனும் புரதத்தால் தூண்டப்படும் அக்கட்டிகளில் பல, 12 வார வயதில் விரை நீக்கம் செய்து ஆண்ட்ரோஜன் சுரப்பை நிறுத்திய பிறகும், நரம்பு-நாளமில்லாச் சுரப்பித் தன்மையோடு வளர்கின்றன. புரோஸ்டேட்டில் மட்டும், கட்டியை அடக்கும் பிடென் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியின் கட்டி மனித நோயை இன்னும் நெருங்கி ஒத்திருக்கிறது. ஆனால் கட்டி மெல்ல வளர்வதால் பொறுமை வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எல்என்கேப், விகேப் இரண்டிலும், விரை நீக்கம் செய்த ஒரு குழுவையும் என்சலூட்டமைடு எனும் ஏற்பித் தடுப்பு மருந்து கொடுத்த ஒரு குழுவையும் சேர்த்து, விலங்கு நெறிமுறைக் குழுவுக்குத் திருத்திய விண்ணப்பம் அனுப்புகிறேன்.