டஸ்கரோரா மணிவேலைக்கு என்ன சொல் வைக்கலாம்?

ஐயா, வணக்கம்.

துணியில் சிறு பாசிமணிகளைக் கோத்துத் தைக்கும் டஸ்கரோரா கலைக்கு, நம் கலைச்சொல் பட்டியலில் ‘மணிப்பூவேலை’ என்று வைக்கலாம் என்ற உங்கள் பரிந்துரை காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் நயாகரா அருவிக்குப் பக்கத்தில், அமெரிக்காவின் லூயிஸ்டன் ஊரை ஒட்டி வாழும் டஸ்கரோரா பழங்குடிப் பெண்கள் பூவை மட்டும் தைப்பதில்லை. பறவை வரும், ஸ்ட்ராபெரி வரும். உருவத்தை வைத்துப் பெயரிட்டால் செய்முறை விட்டுப்போகும். இதில் செய்முறைதான் உயிர்.

தாளில் வெட்டிய வடிவத்தை வெல்வெட் துணிமேல் வைத்துத் தைக்கிறார்கள். ஐந்து மணிகளுக்கு இடமிருந்தால் ஏழு மணிகளைக் கோத்து ஊசியை இறக்குவார்கள். நூலை இழுத்ததும் இடம் போதாத மணிகள் வில்லாக வளைந்து மேலெழும். இப்படி வரிசை வரிசையாகச் சேரும்போது, இலை துணியை விட்டு எழும்பி நிற்கும். தடவினால் விரலுக்கு மேடு தட்டுப்படும். அதனால் ‘புடைப்பு மணிவேலை’ என்கிறேன். புடைப்புச் சிற்பம் நமக்குப் பழகிய சொல்தானே.

அப்புறம், இதைப் பட்டியலின் ‘நினைவுப்பொருள்கள்’ பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இவர்கள் வட கரோலினாவில் வாழ்ந்தவர்கள். 1711இல் அங்கே ஐரோப்பியக் குடியேறிகளோடு போர் மூண்டது. 1713இல் இவர்களுடைய நியோஹெரோகா கோட்டை விழுந்தபின் பிடிபட்டவர்களில் பலரை அடிமைகளாக விற்றார்கள். தப்பியவர்களில் பலர் வடக்கே போய், 1722 வாக்கில் ஐந்து பழங்குடி நாடுகள் சேர்ந்த இரோக்வாய் கூட்டமைப்பில் ஆறாவது நாடாகச் சேர்ந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அருவி பார்க்க வந்தவர்களிடம் ஊசிமெத்தையும் கைப்பையும் விற்றுக் குடும்பத்தைத் தாங்கியது இந்தப் பெண்களின் கைவேலை. குலமே தாய்வழியில் போகும் சமூகம் அது. வாங்கியவருக்கு வேண்டுமானால் அது நினைவுப்பொருளாக இருக்கலாம். தைத்தவருக்கு அது மரபு, பிழைப்பு இரண்டும். ‘மரபுக் கலைகள்’ பிரிவுதான் அதற்குப் பொருத்தம்.

மறுமொழி:

சரிம்மா, ‘புடைப்பு’ எனக்கும் சம்மதம். பிரிவையும் மாற்றிவிடலாம். ஆனால் ‘வேலை’ கொஞ்சம் பொதுவாக இல்லையா? ‘புடைப்பு மணித்தையல்’ என்றால் என்ன?

மறுமொழி:

ஐயா, ஆரி வேலை, ஜரிகை வேலை, பூவேலை என்றுதானே கடையிலும் தையற்கூடத்திலும் சொல்கிறோம்? கலைக்கு ‘வேலை’யே இருக்கட்டும். மணிகளை வளைத்து எழுப்பும் அந்த ஒரு தையலுக்கு மட்டும் ‘புடைப்புத் தையல்’ என்று வைப்போம். துணியோடு படிந்து கிடக்கும் வகைக்குத் ‘தட்டை மணிவேலை’. மூன்றையும் பட்டியலில் ஒன்றாகவே ஏற்றிவிடுங்கள்.