வணிக நீதிமன்ற வழக்கு: முன்சமரசம் பற்றி அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஈரோட்டில் சிறிய அளவில் நூல் வியாபாரம் செய்யும் என் சித்தப்பாவுக்கு, வெளியூர் நிறுவனம் ஒன்றிடமிருந்து நாலரை லட்சம் பாக்கி வரவேண்டும். பில், டெலிவரி சலான் எல்லாம் இருக்கின்றன. போனை மட்டும் எடுப்பதில்லை.

2015 வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில், அங்கே வழக்குப் போட வழக்கின் குறைந்தபட்ச மதிப்பு ஆரம்பத்தில் ஒரு கோடி ரூபாய். 2018 திருத்தத்தில் அதை 3 லட்சமாகக் குறைத்தார்கள். அதனால்தான் எங்களைப் போன்றவர்களும் இப்போது அதற்குள் வருகிறோம். நல்ல மாற்றம்தான், ஆனால் சிறு வியாபாரிகள் பலருக்கு இது இன்னும் தெரியவே இல்லை.

அதே திருத்தம் 12ஏ பிரிவையும் கொண்டுவந்தது. அவசர இடைக்கால நிவாரணம் (தீர்ப்புக்கு முன்பே உடனடியாகத் தேவைப்படும் தற்காலிக உத்தரவு) கேட்காத வழக்கு என்றால் முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். போகாமல் தாக்கல் செய்தால் மனுவே நிராகரிக்கப்படும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. சமரசத்துக்கு மூன்று மாதம், இருவரும் சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதம். அந்த நாட்கள் வழக்குப் போடுவதற்கான காலவரையறையில் சேராது என்பது ஆறுதல், ஏனென்றால் எங்களுக்கு மூன்று வருடக் கெடு நெருங்குகிறது.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இந்தச் சமரசத்துக்கு மனு கொடுத்தவர்கள் சொல்லுங்கள்: எதிர்த்தரப்பு நோட்டீஸை வாங்காமலே இருந்தால், சமரசம் தொடங்கவில்லை என்ற அறிக்கை கைக்கு வர நடைமுறையில் எவ்வளவு நாளாகிறது? மனுவோடு என்னென்ன நகல்கள் கேட்கிறார்கள்? வெளியூர் நிறுவனம் என்பதால் எந்த மாவட்டத்தில் கொடுப்பது சரி? இந்த வழக்குகளை நடத்தும் வக்கீல்கள் யாராவது இருந்தால் வழிகாட்டுங்கள். வயதானவர், ரொம்பவே கவலையில் இருக்கிறார்.