கேர்ள்ஸ் கிராமர் ஸ்கூல்: ரிசல்ட் தவிர வேற என்ன பாக்கணும்? (நான்சச், வாலிங்டன், டிஃபின் கேர்ள்ஸ்)

ஊஸ்டர்பார்க் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க லண்டன் தென்மேற்கு ஓரத்துல ஊஸ்டர் பார்க்ல இருக்கோம், மூத்தவ இயர் 5, அதாவது பிரைமரில கடைசிக்கு முந்தின வருஷம். இயர் 7-ல கிராமர் ஸ்கூல்ல, அதாவது நுழைவுத் தேர்வு வெச்சு பிள்ளைங்கள எடுக்கற அரசு ஸ்கூல்ல, சேக்கணும்னு பாக்கறோம். வர்ற செப்டம்பர்ல சட்டன் செட் (சட்டன் ஏரியா கிராமர் ஸ்கூல்களோட பொது நுழைவுத் தேர்வு) எழுதணும், அதுல பாஸ் பண்ணா நான்சச்சுக்கும் வாலிங்டனுக்கும் சேர்த்து ரெண்டாவது கட்டம், டிஃபின் கேர்ள்ஸுக்கு தனியா வேற ரெண்டு கட்டம். ட்யூஷன் போயிட்டுதான் இருக்கா, பரீட்சை பத்தி என் கேள்வி இல்ல. வாட்ஸாப் குரூப்ல போன வருஷம் கட்-ஆஃப் எவ்ளோ, எந்த சென்டர்ல மாக் டெஸ்ட் கஷ்டமா வைக்கிறாங்க, இது ரெண்டுதான் ஓடுது. உள்ள போனப்புறம் ஏழு வருஷம் அங்கதானே இருக்கப் போறா, அந்த ஏழு வருஷம் எப்படி இருக்கும்னு யாரும் பேச மாட்டேங்குறாங்க.

என் பொண்ணுக்கு கணக்கு நல்லா வரும், எப்பவும் கையில ஒரு ஸ்கெட்ச் புக் இருக்கும், ஆனா வாயைத் திறந்து கேக்க மாட்டா, புரியலைன்னாலும் தலையாட்டிட்டு வந்துடுவா. இங்க பிரைமரில அவதான் முதல் டேபிள். அங்க போனா இருநூறு பேர் கிட்ட எல்லாருமே முதல் டேபிள் பொண்ணுங்கதான், அதுல இவ காணாம போயிடுவாளோன்னு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. ஓப்பன் ஈவினிங் போனா ஹால்ல ஹெட் டீச்சர் பேச்சு, லேப்ல கலர் கலரா தீ, வாசல்ல ஆர்கெஸ்ட்ரா, எல்லா ஸ்கூலும் ஒரே மாதிரி அழகாத்தான் தெரியுது. வீட்டுக்காரர் ஜிசிஎஸ்இ (இயர் 11 முடிவுல வர்ற பொதுத் தேர்வு) ரிசல்ட்டெல்லாம் எடுத்து எக்ஸெல் ஷீட் போட்டு வெச்சிருக்கார், மூணுக்கும் நடுவுல எனக்கு பெரிய வித்தியாசம் தெரியல. அங்க பிள்ளைங்கள படிக்க வெச்சவங்க, படிச்சவங்க சொல்லுங்க, எதைப் பாக்கணும், யார்கிட்ட என்ன கேக்கணும்?

பர்ப்பிள் பேக்:

அக்கா, இதை யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். என் பொண்ணு இந்தப் பக்கம் ஒரு கேர்ள்ஸ் கிராமர்ல இயர் 10, எதுன்னு வேணாம்.

எக்ஸெல் ஷீட்ல வித்தியாசம் தெரியாததுக்குக் காரணம் இருக்கு. பரீட்சை வெச்சு பொறுக்கி எடுத்த பிள்ளைங்க பதினாறு வயசுல ஜிசிஎஸ்இல 8, 9 (9-தான் உச்ச கிரேடு) வாங்குறாங்கன்னா அதுல ஸ்கூலோட பங்கு எவ்ளோ, உள்ள வரும்போதே இருந்த திறமை எவ்ளோன்னு அந்த நம்பரை வெச்சு சொல்லவே முடியாது. அதைப் பிரிச்சுப் பாக்கத்தான் ப்ராக்ரஸ் 8-ன்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க, இயர் 6 சாட்ஸ்ல (பிரைமரி கடைசில நாடு முழுக்க நடக்கிற பரீட்சை) ஒரே மார்க்ல இருந்த பிள்ளைங்க நாடு முழுக்க என்ன வாங்கினாங்களோ அதோட இந்த ஸ்கூல் பிள்ளைங்கள ஒப்பிடுறது. ஆனா கோவிட்னால 2020, 2021 ரெண்டு வருஷமும் சாட்ஸ் நடக்கல, அதனால 2025, 2026 ஜிசிஎஸ்இ பேட்ச் ரெண்டுக்கும் அந்தக் கணக்கே கிடையாது. இருக்கிறதுல கடைசியா 2024 வரைக்கும்தான் பாக்க முடியும், அதையும் ஒரு வருஷம் மட்டும் பாக்காதீங்க, 2022, 2023, 2024 மூணையும் சேத்து வெச்சுப் பாருங்க.

ஸ்கூல்களை ஆய்வு பண்ற அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெடோட ரிப்போர்ட்டும் அப்படித்தான். 2012-ல இருந்து 2020 வரைக்கும் அவுட்ஸ்டாண்டிங்ங்கற உச்ச கிரேடு வாங்குன ஸ்கூலுக்கெல்லாம் வழக்கமான இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்து விலக்கு குடுத்துட்டாங்க, அதனால சில ஸ்கூல் பத்து வருஷத்துக்கு மேல பழைய பேனரை கேட்ல கட்டி வெச்சிருந்துச்சு. 2024 செப்டம்பர்ல அந்த ஒத்த வார்த்தை கிரேடையே எடுத்தாச்சு, 2025 நவம்பர்ல இருந்து ரிப்போர்ட் கார்டு மாதிரி தனித்தனியா குடுக்கறாங்க. எந்த வருஷத்து ரிப்போர்ட்னு முதல்ல தேதியைப் பாருங்க, அப்புறம் பிள்ளைங்க நடத்தை, நலன் பத்தின பக்கத்தை முழுசா படிங்க, மேல இருக்கிற சுருக்கத்தோட நிறுத்திடாதீங்க.

நான் முக்கியமா சொல்ல வர்றது வேற. முடிஞ்சா ஸ்கூல் நடக்குற நாள்ல, பகல் நேரத்துல டூர் இருக்கான்னு கேட்டுப் போங்க. ஒரு ஸ்கூல்ல எங்களைக் கூட்டிட்டுப் போன இயர் 8 பொண்ணுகிட்ட "ஹோம்வொர்க் புரியலைன்னா என்ன பண்ணுவ"ன்னு கேட்டேன். "மேத்ஸ்னா லஞ்ச்ல அந்த ரூம் திறந்திருக்கும், இயர் 12 அக்காங்க உக்காந்து சொல்லித் தருவாங்க, நான் வியாழக்கிழமை போவேன், அன்னைக்கு கூட்டம் கம்மி"ன்னு யோசிக்காம சொன்னா. இன்னொரு ஸ்கூல்ல அதே கேள்வியைக் கேட்டப்போ அந்தப் பிள்ளை பக்கத்துல நின்ன டீச்சர் முகத்தைப் பாத்துச்சு, அப்புறம் டீச்சர்தான் பதில் சொன்னாங்க. ரெண்டு ஸ்கூலும் ரிசல்ட் தரவரிசைல பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு, ஆனா உங்க பொண்ணு மாதிரி கூச்சப்படுற பிள்ளைக்கு எது சரின்னு எனக்கு அங்கயே தெரிஞ்சுடுச்சு.

டீச்சர்ஸ்கிட்ட கேக்கறதா இருந்தா டாப்ல இருக்கிற பொண்ணைப் பத்தி கேக்காதீங்க, அதை அவங்களே சொல்லுவாங்க. கிளாஸ்ல நடுவுலயோ கீழயோ இருக்கிற பொண்ணை யார் கவனிக்கிறாங்க, வீட்டுக்கு எப்ப சொல்லுவீங்க, மனசு சரியில்லைன்னா போய் பேச ஸ்கூலுக்குள்ளயே கவுன்சிலர் இருக்காங்களா, எவ்ளோ நாள் காத்திருக்கணும், இதைக் கேளுங்க. எல்லாமே நல்லா படிக்கிற பொண்ணுங்க ஒரே இடத்துல இருக்கும்போது சாப்பிடாம இருக்கறது, தூங்காம படிக்கறது, 7 வாங்கிட்டு அழறது, இதெல்லாம் உண்மையிலேயே நடக்குது. நல்ல ஸ்கூல் அதை மறைக்காம, என்ன செய்யறோம்னு பேசும்.

டூட்டிங் அண்ணை:

வணக்கம் தங்கச்சி. என்ர மூத்த மகள் கிராமர் ஸ்கூல் முடிச்சு இப்ப யூனியில நிக்கிறா, சின்னவ இயர் 8. பயணத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல, அதால நான் சொல்லுறன்.

உங்கட இடத்தில இருந்து வாலிங்டனுக்கு 151 பஸ் போகும், நான்சச் இருக்கிற சீமுக்கும் கிங்ஸ்டனுக்கும் 213 போகும், ஆனா டிஃபின் கேர்ள்ஸ் ரிச்மண்ட் ரோட்டில, கிங்ஸ்டனில இறங்கி 65 மாறோணும் இல்லாட்டி நடக்கோணும். வாலிங்டன் ஸ்கூலும் ஸ்டேஷனடியில இல்லை, வுட்கோட் ரோட்டால மேல போகோணும். ஸிப் கார்ட் (பிள்ளையளின்ர பயண அட்டை) இருந்தா பஸ் காசு இல்லை, அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை நேரம். ஒரு திங்கக்கிழமை விடிய ஏழு மணிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு அந்த பஸ்ஸில போய்ப் பாருங்கோ, சனிக்கிழமை காரில போய்ப் பாத்து முடிவெடுக்காதேங்கோ. டிசம்பரில பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிப்போடும், கிளப், நெட்போல், ஆர்ட் எண்டு நிண்டா வீட்ட வர ஆறாகும். தூரத்தில இருந்து வாற பிள்ளையள் கனபேர் கிளப் ஒண்டும் செய்யாம நேர வீட்ட ஓடிவாறதுகள். கூட்டாளியளும் நாலு திசையில இருப்பினம், ஒரு பேர்த்டேக்குப் போறதெண்டாலும் அப்பாதான் டிரைவர். உங்கட பிள்ளை பொதுவா கதைக்கிறது குறைவெண்டு சொல்லுறியள், அப்பிடியான பிள்ளைக்குப் பக்கத்தில ஒண்டு ரெண்டு பேர் இருக்கிறது பெரிய பலம்.

மற்றது விண்ணப்பம். அக்டோபர் 31-க்குள்ள கவுன்சிலுக்கு அனுப்போணும், லண்டனில ஆறு ஸ்கூல் போடலாம். நீங்கள் எதை முதலாவதாப் போட்டனீங்கள் எண்டு ஸ்கூலுக்குத் தெரியவராது, அதால பயப்பிடாம உங்கட உண்மையான விருப்பத்தின்ர வரிசையிலயே போடுங்கோ. செட் பாஸ் எண்டா இடம் கிடைச்ச மாதிரி இல்லை, அதுக்குப் பிறகு மார்க் வரிசையும் தூரமும் இருக்கு, ஒவ்வொரு ஸ்கூலின்ர அட்மிஷன் பாலிசியையும் அந்தந்த வருஷத்துக்கு எடுத்து வாசியுங்கோ, போன வருஷத்ததை நம்பாதேங்கோ. முழு இங்கிலாந்திலயும் 163 கிராமர் ஸ்கூல்தான் இருக்கு, 1998 சட்டத்துக்குப் பிறகு புதுசாத் திறக்கேலாது, அதாலதான் இவ்வளவு அடிபாடு. அந்த ஆறில சாதாரண ஸ்கூலும் நல்லதா ரெண்டு போடுங்கோ. கூம்ப் கேர்ள்ஸ், கார்ஷல்டன் கேர்ள்ஸ், சீம் ஹை எல்லாத்தையும் இதே கண்ணோட போய்ப் பாருங்கோ. இடம் அறிவிக்கிற மார்ச் 1 அண்டைக்கு எந்த ஸ்கூல் வந்தாலும் "இது நாங்கள் விரும்பிப் போட்டது" எண்டு பிள்ளைக்குச் சொல்லக்கூடியதா இருக்கோணும். அது தோத்த முகத்தோட செப்டம்பரில போகக்கூடாது.

படிச்சு முடிச்சவ:

நான் வேற பக்கம் ஒரு கேர்ள்ஸ் கிராமர்ல படிச்சேன், இப்ப யூனிவர்சிட்டி செகண்ட் இயர். ஆன்ட்டி, நானும் பேசாத பொண்ணுதான். இயர் 7 முதல் டெர்ம் கஷ்டமா இருந்துச்சு, வீட்ல மார்க் ஷீட் பாத்து "என்ன 71 தானா"ன்னு கேட்டாங்க, கிளாஸ் ஆவரேஜே அதுதான்னு அவங்களுக்குத் தெரியாது. பிரைமரில எப்பவும் ஃபர்ஸ்டா இருந்தவ நடுவுல வர்றது அங்க சாதாரணம், இதை பரீட்சைக்கு முன்னாடியே வீட்ல எல்லாரும் பேசி வெச்சுக்கோங்க, தாத்தா பாட்டிகிட்டயும் சொல்லி வைங்க. மத்தபடி எனக்கு அந்த ஸ்கூல் பிடிச்சிருந்துச்சு. படிக்கிற பொண்ணுன்னு யாரும் கிண்டல் பண்ணல, எல்லாருமே ஏதோ ஒண்ணுல பைத்தியமா இருந்தாங்க. லஞ்ச் டைம்ல ஆர்ட் ரூம்ல உக்காந்துதான் எனக்கு ஃப்ரெண்ட்ஸே கிடைச்சாங்க, அதனால ஸ்கெட்ச் புக் இருக்கிற பொண்ணுன்னா ஆர்ட் ரூம் எப்பல்லாம் திறந்திருக்கும்னு கண்டிப்பா கேளுங்க.

சிக்ஸ்த் ஃபார்ம் (இயர் 12, 13) பத்தியும் இப்பவே கேளுங்க. இயர் 11 முடிச்சதும் அதே ஸ்கூல்ல தொடர எவ்ளோ கிரேடு வேணும், எத்தனை பேர் வெளிய போறாங்க, ஏன் போறாங்க. 2017-ல ஆர்பிங்டன்ல செயின்ட் ஓலேவ்ஸ் கிராமர்ல இயர் 12 பரீட்சைல பி கிரேடு வராத பிள்ளைங்களுக்கு இயர் 13 இடம் இல்லைன்னு சொல்லி, பேரன்ட்ஸ் கோர்ட்டுக்குப் போனப்புறம்தான் அந்த விதியை எடுத்தாங்க. இப்ப அப்படி மார்க்கைக் காட்டி நடுவுல நிறுத்தக் கூடாது, ஆனா "உனக்கு இந்த சப்ஜெக்ட் வேணாம், வேற காலேஜ் பாரு"ன்னு மெதுவா சொல்ற பழக்கம் இருக்கான்னு இயர் 13 பொண்ணுங்ககிட்ட கேட்டா தெரிஞ்சுடும்.

ஊஸ்டர்பார்க் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணா, நீங்க சொன்ன பஸ் விஷயம் எங்களுக்குத் தோணவே இல்ல, ஹாஃப் டெர்ம்ல போலாம்னு இருந்தோம், இப்ப ஸ்கூல் நாள்லயே போறோம். தங்கச்சி, 71 கதையை வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. இன்னொரு கேள்வி, கேர்ள்ஸ் ஒன்லிங்கறது உண்மையிலேயே ஏதாவது வித்தியாசம் பண்ணுமா? அவளுக்கு கணக்கும் வேணும், ஆர்ட்டும் வேணும்.

க்ராய்டன் டீச்சர்:

நான் ஃபிசிக்ஸ் எடுக்கறேன், மிக்ஸட்லயும் கேர்ள்ஸ் ஸ்கூல்லயும் வேலை பாத்திருக்கேன். இன்ஸ்டிடியூட் ஆஃப் ஃபிசிக்ஸ் 2012-ல ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, இங்கிலாந்துல அரசு கேர்ள்ஸ் ஸ்கூல்ல படிக்கிற பொண்ணுங்க ஏ லெவல்ல (இயர் 12, 13 படிப்பு) ஃபிசிக்ஸ் எடுக்கறது மிக்ஸட் ஸ்கூல் பொண்ணுங்கள விட கிட்டத்தட்ட ரெண்டரை மடங்குன்னு. கேர்ள்ஸ் ஸ்கூல்ல கிராமர் நிறைய இருக்கறதும் அதுல கொஞ்சம் சேந்திருக்கும், ஆனா நான் கிளாஸ்ல பாக்கறதும் அதோட ஒத்துப்போகுது, சர்க்யூட் போர்டை யார் முதல்ல கையில எடுக்கறதுங்கற தயக்கமே அங்க இல்ல. ஆனா எல்லா கேர்ள்ஸ் ஸ்கூலும் அப்படின்னு எடுத்துக்காதீங்க. ஏ லெவல்ல ஃபிசிக்ஸ், ஃபர்தர் மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் எத்தனை பேர் எடுத்திருக்காங்கன்னு நம்பராவே கேளுங்க, கெமிஸ்ட்ரி பயாலஜி பக்கம் மட்டும் கூட்டமா இருந்தா எல்லாரும் மெடிசினுக்கே தள்ளப்படுறாங்களான்னு யோசிக்கணும்.

ஆர்ட்டுக்கு, இயர் 9-ல ஜிசிஎஸ்இ ஆப்ஷன் எடுக்கற ஃபார்மைக் கேட்டு வாங்கிப் பாருங்க, வெப்சைட்லயே இருக்கும். ட்ரிபிள் சயின்ஸ் (மூணு சயின்ஸும் தனித்தனியா), ஒரு மொழி, ஹிஸ்டரி இல்ல ஜியாக்ரஃபி போக மிச்சம் எத்தனை கட்டம் இருக்கு, அதுல ஆர்ட் எதோட மோதுதுன்னு தெரியும். அப்புறம் ஆர்ட் டிபார்ட்மென்ட்ல போய் சுவத்துல மாட்டினதை விட்டுட்டு டேபிள் மேல இருக்கிற இயர் 8 ஸ்கெட்ச் புக்கைப் புரட்டிப் பாருங்க. எல்லா புக்லயும் ஒரே ஆப்பிள் ஒரே மாதிரி இருந்தா ஒரு ஸ்கூல், ஒவ்வொண்ணும் வேற வேறயா இருந்து பக்கத்துல டீச்சர் கைப்பட குறிப்பு எழுதியிருந்தா அது வேற ஸ்கூல். பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க, அவளே புரட்டட்டும். செட் ரெஜிஸ்ட்ரேஷன் கோடையிலேயே முடிஞ்சிடும், டிஃபினுக்கு தனி ஃபார்ம், ரெண்டு தேதியையும் இன்னைக்கே குறிச்சு வெச்சுடுங்க.