புதுப்பிப்பு: சூப் மேக்கர் வாங்கலாமா என்று கேட்டிருந்தேனே, வாங்கிவிட்டேன்

அடியில் ஹீட்டர், மூடியில் மோட்டாரும் பிளேடும், அவ்வளவுதான் மிஷின். பூசணி, கேரட், தக்காளியை நறுக்கிப் போட்டு, உள்ளே இருக்கிற இரண்டு அளவுக் கோட்டுக்கும் (MIN, MAX) நடுவில் நிற்கும்படி தண்ணீர் ஊற்றிப் பட்டனைத் தட்டினால் அரைமணி நேரத்துக்குள் வேகவைத்து மழமழவென்று அரைத்தும் தந்துவிடுகிறது, சூடாக மிக்சியில் ஊற்றி மூடி தெறிக்குமோ என்று பயப்பட வேண்டாம், பல் இல்லாத எங்கள் ஆயாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ராயபுரம் பக்கம் நம் வீடுகளில் சூப் என்றாலே ஆட்டுக்கால், நண்டுதானே, அதற்காக வாங்காதீர்கள். பிரஷர் கிடையாது, எலும்பும் நண்டு ஓடும் பிளேடுக்கு ஆகாது, குக்கர்தான் சரி. வெங்காயம் பூண்டு வதக்கவும் என் மாடலில் வழியில்லை, வாணலியில் வதக்கித்தான் போடுகிறேன்.

அப்புறம், கழுவும்போது மூடியைத் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.