டென்ஷன்ல சுகர் ஏறுதா, இல்ல சுகர் ஏறுறதால டென்ஷன் ஆகுதா? (டைப் 1, வயசு 19)

ஊசிப்பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 11 வயசுல டைப் 1 சுகர் வந்துச்சு, உடம்பே இன்சுலின் சுரக்காத வகை, ஊசிதான் எல்லாம், இப்போ 19. எக்ஸாம் வாரம் வந்தாலே சாப்பாடும் அதே, டோஸும் அதே, ஆனா மீட்டர்ல மட்டும் 280, 300ன்னு நிக்கும். போன வாரம் நைட்டு 11 மணிக்கு 312. சாப்பிட்டு ஊசி போட்டு ரெண்டு மணி நேரம்தான் ஆகியிருந்துச்சு, சரின்னு ஒரு கரெக்‌ஷன் போட்டேன், அதாவது ஏறுன சுகர எறக்க போடுற கூடுதல் ஊசி, முக்கால் மணி நேரம் கழிச்சு பாத்தா 305, வந்துச்சு பாருங்க கோவம், இன்னொண்ணு போட்டேன், அது பத்தாதுன்னு அப்புறம் இன்னொண்ணு. ரெண்டரை மணிக்கு பனியன் நனைஞ்சு எந்திரிச்சேன், 48. கை நடுங்கி ஜூஸ் பாட்டில் மூடிய திறக்க முடியாம பல்லால கடிச்சு திறந்தேன்.

அதுலேர்ந்து நாலு நாளா செக் பண்ணவே இல்ல. ஊசி போடுறேன், ஆனா குத்துமதிப்பாத்தான். அம்மா எவ்ளோன்னு கேட்டா 140ன்னு சொல்லிடுறேன். டென்ஷனுக்கு நெஜமாவே சுகர் ஏறுமா இல்ல நான் சாக்கு சொல்லிட்டு திரியுறேனா, அதத்தான் கேக்கணும்.

பழைய பென்:
சாக்கு இல்ல தம்பி. எனக்கு டைப் 1 வந்து 18 வருசம் ஆச்சு. பயமோ கோவமோ வந்தா உடம்பு அட்ரினலின், கார்டிசால் எல்லாம் விடும், அத பாத்த உடனே கல்லீரல் சேத்து வச்சிருக்க சர்க்கரைய ரத்தத்துல எறக்கும், அதோட இன்சுலினும் சரியா வேலை செய்யாது. மத்தவங்களுக்கு கணையம் கூடுதலா இன்சுலின் விட்டு சமாளிச்சிடும், நமக்கு அந்த ஆள் வேலையில இல்லயே. ஆனா ஒண்ணு, எல்லாருக்கும் ஏறும்னு கிடையாது, சிலருக்கு டென்ஷன்ல எறங்கும், உனக்கு எதுன்னு நீதான் கவனிக்கணும்.

அந்த ராத்திரி கதைக்கு வரேன். வேகமா வேலை செய்யுற இன்சுலின் ஆரம்பிக்கவே கால் மணி நேரம் ஆகும், உச்சத்துக்கு போக ஒண்ணு ரெண்டு மணி நேரம், முழுசா அடங்க நாலு மணி நேரம் பக்கம். சாப்பாட்டு டோஸே பாதி உள்ள இருக்கும்போது மேல மூணு ஊசி அடுக்கிட்ட, 48க்கு வராம என்ன பண்ணும். நான் இதுக்கு கோவ ஊசின்னு பேர் வச்சிருக்கேன், நானும் போட்டு கீழ விழுந்தவன்தான்.

நான் அப்புறம் பண்ணது என்னன்னா, நம்பர் பக்கத்துல ஒரே ஒரு வார்த்தை எழுதுவேன். "சண்டை", "தூக்கமில்ல", "சலிப்பு". ஒரு மாசம் கழிச்சு பாத்தா ஆபீஸ்ல வாக்குவாதம் ஆன நாளெல்லாம் சாயங்காலம் ஏறியிருக்கு, அடுத்த அப்பாயின்மென்ட்ல டாக்டர்கிட்ட நோட்டயே நீட்டிட்டேன். இதோட தலைகீழும் உண்டு. ஒரு இன்டர்வியூ வாசல்ல படபடப்பு, வேர்வை, கை நடுக்கம், சுகர் லோ ஆயிடுச்சுன்னு நெனச்சு ரெண்டு பாக்கெட் ஜூஸ் குடிச்சேன், அப்புறம் செக் பண்ணா 260. லோவுக்கும் பயத்துக்கும் உடம்பு ஒரே மாதிரிதான் ஆடும், மீட்டர் கையில இருந்தா குத்தி பாத்துட்டு குடி. மீட்டர் இல்லன்னா மட்டும் யோசிக்காம குடிச்சிடு, ஏறுனத அப்புறம் எறக்கிக்கலாம்.

ரெண்டு பொண்ணு அம்மா:
தம்பி, நான் உங்க அம்மா பக்கம். என் மூத்தவளுக்கு 15, அவளும் 140 கேஸ்தான் 😅 மீட்டர் மெமரிய ஒருநாள் நோண்டி பாத்தேன், ஒரு வாரமா ஒரு ரீடிங் கூட இல்ல. அன்னிக்கு வீடு ரெண்டாச்சு. அப்ப அவ கேட்டா, "ஸ்கூல் விட்டு வந்தா நீ என் மொகத்த பாக்குறதே இல்லம்மா, எவ்ளோன்னுதான் கேக்குற"ன்னு. யோசிச்சு பாத்தா வாசல்ல செருப்ப கழட்டுறதுக்கு முன்னாடியே அந்த கேள்விதான் கேட்டிருக்கேன், வருசக்கணக்கா. நிறுத்திட்டேன். நிறுத்தின முதல் வாரம் நாக்க கடிச்சிட்டு இருந்தேன், பொய் சொல்லல. கொஞ்ச நாள்ல அவளே வந்து "340ம்மா"ன்னா, நான் "சரி, கீட்டோன் பாத்துடலாமா"ன்னு மட்டும் கேட்டேன் (இன்சுலின் பத்தாதப்ப ரத்தத்துல சேர்ற அமிலம் அது). வயசுக்கு வர்ற பருவத்துல வளர்ச்சி ஹார்மோனே இன்சுலின மல்லுக்கட்டி தடுக்கும்னு டாக்டர் அப்புறமாதான் சொன்னார், அத முன்னாடியே சொல்லியிருந்தா அவளை அவ்ளோ திட்டியிருக்க மாட்டேன்.

சும்மா_படிக்கிறவன்:
நோட்டு ஐடியா எனக்கு ஒத்து வரல ப்ரோ, ஃபீலிங்ஸ் எழுதுன்னா இன்னொரு ஹோம்வொர்க் மாதிரி ஆயிடுச்சு. எனக்கு சென்சார் (தோல்ல ஒட்டி சுகர விடாம அளக்குற கருவி) வச்சும் ஆரம்பத்துல பைத்தியம்தான் புடிச்சுது, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா போன பாத்துட்டே இருப்பேன். லோ அலாரத்த தவிர மத்ததெல்லாம் ஆஃப் பண்ணேன், டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான். அப்புறம்தான் மனுசன் ஆனேன்.

டயபடிஸ் நர்ஸ்:
நான் இந்த வேலையிலதான் இருக்கேன், ரெண்டு மூணு விசயம் சொல்லிடுறேன். நீங்க சொல்ற அலுப்புக்கு டயபடிஸ் டிஸ்ட்ரெஸ்னு பேரே இருக்கு, அத அளக்க 20 கேள்வி உள்ள ஒரு படிவம் 1995லயே வந்தாச்சு, உங்க கிளினிக்ல கேட்டுப் பாருங்க. இது டிப்ரஷன் இல்ல, வியாதியோட தெனமும் மல்லுக்கு நின்னு வர்ற சோர்வு. ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் புடிப்பில்ல, தூக்கமில்லன்னா, இல்ல ஒரு தடவ செத்துடலாம்னு தோணுனாலே, அது வேற, அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லணும்.

சுகர் 250க்கு மேல தொடர்ந்து நின்னா கீட்டோன் பாருங்க, வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்குதுன்னா வீட்ல உக்காந்து பாத்துட்டு இருக்காதீங்க. சாப்பிடலன்னாலும் பேஸல் ஊசிய, அதாவது நாள் முழுக்க மெதுவா வேலை செய்யுற இன்சுலின, நிறுத்தக் கூடாது. 70க்கு கீழ போனா 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிசம் கழிச்சு திரும்ப செக். அந்த 15 நிமிசம் காத்திருக்குறதுதான் கஷ்டம், தெரியும், கைக்கு கெடச்சதெல்லாம் சாப்பிடத்தான் தோணும். எக்ஸாம் வாரத்துக்கு டோஸ் மாத்தணுமான்னு முன்கூட்டியே கேட்டு வச்சிக்கோங்க, ராத்திரி 11 மணிக்கு கோவத்துல முடிவெடுக்க வேண்டாம்.

ஊசிப்பையன்:
எல்லாருக்கும் நன்றி. இப்பதான் குத்துனேன், 268, பக்கத்துல "பயம்"னு எழுதிருக்கேன். கரெக்‌ஷன் ஒண்ணுதான் போட்டேன், போன்ல மூணு மணி நேரத்துக்கு டைமர் வச்சிட்டேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல, அத்தன 140ம் பொய்னு எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

ரெண்டு பொண்ணு அம்மா:
ஆரம்பிக்கவே வேணாம்ப்பா. மீட்டர டைனிங் டேபிள்ல வச்சிட்டு வா, அவங்களே பாத்துக்குவாங்க. முதல்ல கொஞ்சம் கத்துவாங்க.