வரிசையில் இடம்பிடித்த குடம்

வடசென்னையில் ஓவிய ஆசிரியையாக இருக்கும் நான், கருத்துக்கலையில் எண்ணமே முதன்மை, காட்சிக்கு வைக்கும் பொருள் அதற்கு அடுத்ததுதான் என்று வகுப்பில் சொல்லி வந்ததுண்டு. என் மாணவர்கள் அதை மறுத்த விதத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அமெரிக்கக் கருத்துக்கலைஞர் ஜோசப் கோசுத் 1965-இல் உருவாக்கிய ‘ஒன்றும் மூன்றும் நாற்காலிகள்’ என்ற படைப்பை அவர்களுக்கு விளக்கினேன். ஒரு நாற்காலி, அது அங்கேயே நிற்பதை அதே அளவில் காட்டும் புகைப்படம், நாற்காலிக்கு அகராதி தரும் பொருளின் பெரிதாக்கிய படி ஆகிய மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கும். வேறிடத்தில் காட்சிக்கு வைக்கும்போது வேறொரு நாற்காலியை எடுத்து, அங்கேயே படம்பிடித்து வைக்கலாம்.

ஆண்டு விழாக் கண்காட்சிக்கு நாற்காலிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குடத்தை வைக்க மாணவர்கள் முடிவு செய்தார்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டுபோனபோது, லாரித் தண்ணீருக்காகத் தெருவில் குடங்கள் வரிசையாக நின்றதையும், பெரியவர்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அந்தக் குடங்களே அவர்களுடைய இடத்தைக் காத்ததையும் சிறுவயதில் கண்டவர்கள் அவர்கள். பள்ளியிலிருந்த புதுக்குடம் ஒன்றை நான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு மாணவி அதை ஏற்காமல், கழுத்தில் நகப்பூச்சால் எழுத்துப் போட்ட தன் வீட்டுக் குடத்தைக் கொண்டுவந்து, “மிஸ், வேற குடத்த வெச்சா எங்க ஆயாவோட இடம் போயிடும்” என்றாள்.

எந்த நாற்காலியும் பொருந்தும் என்பதில்தான் கோசுத்தின் படைப்பு நிற்கிறது. அந்தக் குடமோ ஒரு வீட்டின் உரிமையைச் சுமப்பது. அதை மாற்றினால் எண்ணமே சிதைந்துவிடும். இதைப் பயிற்சிக்கான நகலாக என்னால் கருத முடியவில்லை, கோசுத்துக்குச் சொல்லப்பட்ட பதிலாகவே கருதுகிறேன்.

புகைப்படத்தை உண்மை அளவில் ஃபிளெக்ஸில் அச்சிட்டோம். அகராதி வரிகளை மாணவர்களே கையால் எழுதினார்கள். மாலையில் லாரி வந்துவிட்டதாகச் சொல்லி, அந்த மாணவியின் தாயார் குடத்தை எடுத்துச் சென்றார். மூன்றில் ஒன்று குறைந்ததால் படைப்பு முடிந்துவிட்டது என்றார் உடன் பணியாற்றும் ஆசிரியர். குடம் தன் வேலைக்குப் போனதும் படைப்பின் பகுதியே என்று நான் வாதிட்டேன். அந்தக் குடம் திரும்பி வரும்வரை அதன் இடத்தில் வேறெதையும் வைக்க மாணவர்கள் விடவில்லை.