வால்யூமைக் குறைத்தாலும் கர்ர் சத்தம்: 2030 ஸ்டீரியோ ஆம்ப்

தேவனாம்பட்டினம்
2030 ஐசி (டிடிஏ2030, ஆடியோ ஆம்ப்ளிஃபையர் சிப்) ரெண்டு வச்சு ஸ்டீரியோ ஆம்ப் கட்டியிருக்கேன். 12-0-12, 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், 5408 டையோடு நாலு, பிளஸ், மைனஸ் பக்கத்துக்கு ஒரு 4700 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) ஃபில்டர் கண்டென்சர். முன்னால பேஸ் ட்ரெபிள் போர்டு, ப்ளூடூத் பேனல். இரும்பு கேபினெட். வால்யூமைச் சுத்தமா குறைச்சாலும் ரெண்டு ஸ்பீக்கரிலும் கர்ர்ர்னு சத்தம். ஃபில்டர் பத்தலைன்னு நினைச்சு பக்கத்துக்கு 10000 போட்டேன், சத்தம் கூடித்தான் போச்சு. சென்டர் டேப் (டிரான்ஸ்பார்மரின் நடு 0) ஒயர் நேரா ஆம்ப் போர்டு கிரவுண்டுக்கு வருது. அங்கிருந்துதான் ஃபில்டர் போர்டுக்கும் பேஸ் ட்ரெபிளுக்கும் போகுது. அடுத்து எதை மாத்தலாம்?

லாஸ்பேட்டை ஆடியோ
தம்பி, கண்டென்சரை இனி தொட வேண்டாம். கோளாறு நீங்கள் கடைசியில் சொன்ன சென்டர் டேப் ஒயரிங்கில் இருக்கு.

"ம்ம்ம்" என்று உருண்டையாக வந்தால் 50 ஹெர்ட்ஸ்: டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம், அல்லது வெளியிலிருந்து வரும் கிரவுண்டு லூப் (கிரவுண்டு ரெண்டு வழியில் சேர்ந்து வளையமாவது). கர்ர் என்று கூர்மையாக வந்தால் 100 ஹெர்ட்ஸ்: டையோடு வழியாகக் கண்டென்சர் நிரம்பும் துடிப்பு. உங்களுடையது இரண்டாவது.

சும்மா இருக்கும்போது ரெண்டு ஐசியும் சேர்ந்து 0.1 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். 4700 எம்எஃப்டிக்கு ரிப்பிள் (சப்ளையின் ஏற்ற இறக்கம்) 0.2 வோல்ட்தான் வரும், அதைப் பெரும்பாலும் ஐசியே அடக்கிவிடும். ஆனால் கண்டென்சர் ஒவ்வொரு 10 மில்லி செகண்டிலும் ஒரு சின்ன நேரத்துக்குள் நிரம்புவதால், மின்னோட்டம் 1 ஆம்பியர் அளவுக்கு ஊசி மாதிரி எகிறும். கண்டென்சர் பெரிதானால் ஊசி இன்னும் குறுகி உயரும். அதனால்தான் 10000 போட்டதும் சத்தம் கூடியது.

அந்த ஊசி இப்போது உங்கள் ஆம்ப் போர்டு கிரவுண்டு வழியாகவே சென்டர் டேப்புக்குத் திரும்புகிறது. 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் 10 சென்டிமீட்டருக்கு 2.3 மில்லி ஓம். 1 ஆம்பியர் போனால் 2.3 மில்லி வோல்ட். ஃபீட்பேக்கில் 22 கே, 680 ஓம் இருந்தால் கெய்ன் (பெருக்கம்) 33 மடங்கு, அப்போது ஸ்பீக்கரில் 76 மில்லி வோல்ட். அமைதியான அறையில் நன்றாகவே கேட்கும். மெல்லிய ஹூக்அப் ஒயர் என்றால் மூணு நாலு மடங்கு.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்: ஆம்ப் போர்டு இன்புட்டில் ஷீல்டு ஒயரை (வெளியே கம்பி வலை சுற்றிய சிக்னல் ஒயர்) கழற்றி, இன்புட்டையும் அதன் கிரவுண்டையும் போர்டிலேயே ஷார்ட் செய்யுங்கள். சத்தம் நின்றால் லூப் பேஸ் ட்ரெபிள் பக்கம். நிற்காவிட்டால் ஊசி போர்டின் செம்பு வழியாகவே போகிறது.

ஒயரிங்கை இப்படி மாற்றுங்கள். ரெண்டு ஃபில்டர் கண்டென்சரின் நடு முனையையும் தடித்த ஒயரால் நெருக்கமாக இணைத்து, சென்டர் டேப்பை அங்கே மட்டும் பற்றவையுங்கள். அந்த இணைப்பிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் தள்ளி ஒரு தனிப் புள்ளி. இடது போர்டு, வலது போர்டு, ரெண்டு ஸ்பீக்கரின் மைனஸ், பேஸ் ட்ரெபிள், எல்லாம் தனித்தனி ஒயராக அந்தப் புள்ளிக்கே வர வேண்டும். ஸ்பீக்கர் மைனஸை ஆம்ப் போர்டில் எடுக்கவே கூடாது. ஷீல்டை பேஸ் ட்ரெபிள் முனையில் மட்டும் பற்றவைத்து, மறு முனையை வெட்டி ஸ்லீவ் போடுங்கள். பழைய 4700 போதும்.

கடலூர் ஓ.டி.
ஒயரிங் யோசனை சரி. அதோடு ஹீட் சிங்கையும் பாருங்க. 2030 முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மைக்காவும் புஷ்ஷும் இல்லாமல் கேபினெட்டில் முடுக்கியிருந்தால், ஆம்ப் கிரவுண்டு கேபினெட்டில் பட்டதும் மைனஸ் சப்ளை ஷார்ட்தான். பவர் இல்லாதபோது மல்டிமீட்டரில் தகடுக்கும் கேபினெட்டுக்கும் ஓம் பாருங்க.

நம்ம கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் எர்த் போல்ட் சீக்கிரம் துரு பிடிக்கும். பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, மூணு பின் கார்டின் பச்சை ஒயரை அங்கே முடுக்குங்க. 1 ஓமுக்குக் கீழே காட்டணும். ஹம் குறையுதுன்னு எர்த் பின்னைக் கழற்றுவது உயிருக்கு ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீங்க. ஆர்சிஏ (ஆடியோ இன்புட்) சாக்கெட்டுக்கு பிளாஸ்டிக் வாஷர் போட்டு கேபினெட்டில் படாமல் வையுங்க.

இன்னொன்று: சாதா 2030க்கு உச்சம் பிளஸ் மைனஸ் 18 வோல்ட். இரவில் லைன் 245 ஏறினால் லோடு இல்லாமலே அதைத் தாண்டும். 2030ஏ போட்டால் 22 வரை தாங்கும். ஒயரிங்கை மாத்தினதும் முதல் தடவை மெயின்ஸ் லைனில் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் பண்ணுங்க.

தேவனாம்பட்டினம்
இன்புட்டை ஷார்ட் பண்ணியும் சத்தம் நிக்கலை. சொன்ன மாதிரி ஒயரிங் மாத்தினேன், காதை ஸ்பீக்கரில் வச்சாத்தான் லேசா கேக்குது. தகட்டுக்கு மைக்கா இருக்கு. ஆனா ப்ளூடூத் பேனல் ஓடும்போது மட்டும் டிக் டிக், கிர்ர்னு வருது. பிளஸ் 17 வோல்ட்ல இருந்து 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்) வழியா பேனலுக்கு சப்ளை.

லாஸ்பேட்டை ஆடியோ
பேனலுக்கு சப்ளை கிரவுண்டு ஒரு வழி, ஆடியோ கிரவுண்டு இன்னொரு வழி. டிஜிட்டல் மின்னோட்டம் ஆடியோ ஷீல்டு வழியாகவும் திரும்புகிறது. 7805க்கும் பேனலுக்கும் நடுவில் பி0505எஸ் 1 வாட் ஐசொலேட்டட் மாட்யூல் (இன்புட், அவுட்புட் கிரவுண்டைப் பிரித்து 5 வோல்ட் தருவது) போடுங்கள். ரெண்டு பக்கமும் 10 எம்எஃப்டி. அவுட்புட் கிரவுண்டை இன்புட் கிரவுண்டோடு சேர்க்காதீர்கள், பேனலுக்கு ஆடியோ ஷீல்டு ஒன்றே கிரவுண்டாக இருக்கட்டும். அது 200 மில்லி ஆம்பியர்தான் தரும். பேனல் அதற்கு மேல் இழுத்தால் தனி டிரான்ஸ்பார்மர்தான். 7805க்குச் சின்ன ஹீட் சிங்க் அவசியம், 12 வோல்ட் அதில்தான் விழுகிறது.